நானூற்றுப் பதினொரு இசைத்தட்டுகளுக்கு ஒரே டிரம்மர்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் இருந்த நானூற்றுப் பதினொரு ஜாஸ் இசைத்தட்டுகளை விட்டு டிரம்மர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு மொத்தமாக வெளியேறினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் வேறு ஒருவர் வாசிக்க ஆரம்பித்தார். எல்லாத் தட்டுகளிலும் ஒரே ஆள், ஒரே கை, நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி. இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால் மெக்கானிக் பதறவில்லை. ஒன்றின் வேகம் மாறினால் முதலில் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ரெக்கார்ட் பிளேயரைக் கழற்றி எண்ணெய் விட்டார், பெல்ட்டை மாற்றினார், கடிகாரத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணினார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இசைத்தட்டுக் கடைக்காரரை வரவழைத்து ஏழு தட்டுகளைப் போட்டுக் காட்டினார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏழையும் கேட்டுவிட்டு, "புது ஆளு. கை நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அவசரக்காரன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

மற்ற வாத்தியக்காரர்கள் ஆரம்பத்தில் திண்டாடினார்கள். மெதுவாகப் போக வேண்டிய காதல் பாட்டுகள் எல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல ஓடின. ஒரு சாக்ஸபோன்காரர், செத்து நாற்பது வருடம் ஆனவர், முதல் வாரம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டேதான் வாசித்தார். ஆனால் ஜாஸ் வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவன் எங்கே போனாலும் கூடவே போவதுதான் பிழைப்பு என்பதால் பத்தே நாளில் பழகிக்கொண்டார்கள். பியானோக்காரர்கள் புது வேகத்தில் புதிய சங்கதிகளைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு டிரம்பெட்காரர் வாசிப்புக்கு நடுவே சிரித்தது தெளிவாகக் கேட்டது. பழைய பதிவில் அந்தச் சிரிப்பு கிடையாது.

மெக்கானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை. அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். புருஷன் வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவர். அண்ணனின் பாட்டு அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அலமாரியிலிருந்து பாத்திரம் உருண்டு விழுவது போல இருக்கிறது என்பாள். அந்தச் சமயம் அவளுக்கு நாற்பத்தொரு வயது, வயிற்றில் ஐந்து மாதம். முதல் கரு நாலாம் மாதத்திலும் இரண்டாவது ஏழாம் மாதத்திலும் தங்காமல் போயிருந்தன. இரண்டாம் முறை அவள் அண்ணனை ஒன்பது தடவை போனில் கூப்பிட்டிருந்தாள். அவர் அப்போது பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள், சிக்னல் இல்லாத இடத்தில், கம்பிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். மேலே ஏறி வந்து விஷயம் தெரிந்துகொள்ள நாலு மணி நேரம் ஆயிற்று. தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவராலும் அதை மறக்க முடிந்ததில்லை. எனவே இந்த முறை அந்த வீட்டில் யாரும் குழந்தை என்ற சொல்லையே எடுக்கவில்லை. தொட்டில் வாங்கவில்லை. ஊர் முழுக்கத் தரை போட்ட மனிதர் தன் வீட்டுச் சின்ன அறையை மட்டும் வெறும் சிமெண்டாகவே விட்டுவைத்திருந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு டைல்ஸ்காரரால் வர முடியவில்லை என்று அண்ணன் கூடப் போனார். டாக்டரம்மா தங்கையின் வயிற்றில் கருவியை வைத்ததும் மேஜை மேலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் இதயத் துடிப்பு கேட்டது. மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதே கை. அதே அவசரம். நாலு சுற்றுக்கு ஒரு தடவை லேசாக முந்திக்கொண்டு வரும் அதே ஓரடி.

"இது எங்க வீட்டுல வாசிக்குது" என்றார்.

டாக்டரம்மா எத்தனை நாளாக என்று கேட்டார். பதினைந்து நாளாக என்றார் இவர். காலையில் வேகம் எப்படி, சாயங்காலம் எப்படி என்று விசாரித்து, 'துடிப்பு தாய்மாமன் வீட்டிலும் கேட்கிறது' என்று கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் தங்கை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அங்கே அவள் நன்றாக வாசிக்கிறாளா என்று கேட்டாள். அவள் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் அவன் என்றார், இவள் அவள் என்றாள், இவள் சொன்னதே நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து தங்கைக்குப் பயம் வரும்போதெல்லாம் போன் வரும். ஆறாம் மாதத்தில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி டிப்போ அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே பயப்படுவதற்கு நிறைய நேரம் இருந்தது. "அண்ணா, வாசிக்கிறாளா?" என்பாள். இவர் போனை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடிப்பார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சரி என்று வைப்பாள். போகப் போக ஒரு நிமிடம் மூன்றாயிற்று, தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஆயிற்று. பியானோ வாசிப்பவர் யார், அவருக்கு ஏன் இத்தனை கோபம் என்று ஒருநாள் கேட்டாள். மெக்கானிக்குக் காது குளிர்ந்தது. முப்பது வருடத்தில் அவருடைய இசையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் வேலைக்குப் போகும் பகல் நேரத்துக்கு வழி பண்ண வேண்டியிருந்தது. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் ஒருவர் இருந்தார். இந்த இசைக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கத்தில் மூன்று முறை புகார் கொடுத்தவர். மெக்கானிக் போய் விஷயத்தைச் சொன்னதும் சாவியை வாங்கிக்கொண்டார். தினமும் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் மேலே வந்து ஒரு பக்கம் போட்டு, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்சை வைத்து அடிகளை எண்ணி நோட்டில் எழுதுவார். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இடது வலது என்று நடக்கவைத்த காதுக்கு ஓரடி பிசகினாலும் தெரியும். இசை இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் பெண்ணுக்கு ஒழுங்கு இருக்கிறது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தார்.

ஒன்பதாம் மாதம், ஒரு புதன்கிழமை. மெக்கானிக்குக் கம்பெனி விடுமுறை, இருந்தாலும் டீச்சர் வழக்கம் போலப் பத்து மணிக்கு வந்துவிட்டார். இருவரும் டீயை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பத்து இருபதுக்கு டீச்சர், "நூத்தி நாப்பது" என்றார். கொஞ்சம் கழித்து, "நூத்தி பதினஞ்சு." அதற்குப் பிறகு எண்ணைச் சொல்லாமல் ஸ்டாப்வாட்ச்சை மேஜையில் வைத்துவிட்டார். டிரம், ஈரத்துணியை அடிப்பது போலத் தளர்ந்து தளர்ந்து விழுந்தது. டிரம்பெட்காரர் பாதிச் சங்கதியில் நிறுத்தினார். பியானோ நின்றது. சாக்ஸபோன்காரர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது, வெளியே விடவில்லை. பாஸ் வாசிப்பவர் மட்டும் நிறுத்தவில்லை. ஆள் உயர வாத்தியத்தில் தடித்த தந்தி ஒன்றை மட்டும் மீட்டிக்கொண்டு, தளர்ந்துபோன டிரம்மைப் பின்தொடராமல், அவளுடைய பழைய வேகத்திலேயே, ஒரே ஸ்வரத்தை விடாமல் வாசித்தபடி இருந்தார்.

மெக்கானிக் தங்கையைப் போனில் பிடித்தார். ஏதாவது வலி இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

"துணிய விடு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"ஏன்ணா?"

"அவளுக்குத் தாளம் தப்புது."

அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். தெருமுனைக்கு வந்து, தடத்தில் வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, ஓட்டிவந்த சகாவிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். பேருந்து தடத்தை விட்டுத் திரும்பியது. அதில் பதினான்கு பயணிகள் இருந்தார்கள். பதினான்கு பேரும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்கினார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்று டிப்போ பதிவேட்டில் இருக்கிறது. டாக்டரம்மா கோப்பைத் திறந்து பழைய வரியைப் பார்த்தார், கருவியை வைத்துப் பார்த்தார், உடனே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார்.

மெக்கானிக்குக் கால் வாசலை நோக்கித்தான் இழுத்தது. ஆனால் அவர் போகவில்லை. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியில் இருப்பவன் பேச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் போய்விடும். அது அந்தத் தொழிலின் முதல் பாடம். பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, பாஸ் வாசிப்பவரோடு சேர்ந்து மேஜை விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். டீச்சர் எழுந்து நின்று கை தட்டினார். முள் தட்டின் ஓரத்துக்கு வந்தபோது, டீச்சர் தட்டிக்கொண்டிருக்க, இவர் காலால் தரையில் தாளம் போட்டபடியே தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்திலும் பாஸ் மட்டுமே இருந்தது, அதே ஸ்வரத்தில். அந்தப் பக்கத்தையும் தாண்டி மறுபடி முதல் பக்கம் வந்தார்கள். டீச்சரின் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. பதினொன்று ஏழுக்கு டிரம் நின்றது. பாஸும் நின்றது. தட்டு சுற்றும் கரகரப்பு மட்டும் மிஞ்சியது. அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை.

நாலு நிமிடம் கழித்துப் போன் அடித்தது. டைல்ஸ்காரர். வேலை செய்த வீட்டிலிருந்து கையில் சிமெண்டோடு ஓடி வந்திருந்தார். "மச்சான்" என்றார். உடனே போனைத் தியேட்டர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். கோபமான, சுருதி சேராத, வீறிட்ட அழுகை. மெக்கானிக் ஸ்பேனரை மேஜை மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டார். வாழ்நாளில் எத்தனையோ தனி ஆவர்த்தனங்களைக் கேட்டவர், கண்ணீர் வழிய வழியக் கேட்டது அதை மட்டும்தான். டீச்சர் பால்கனிக்குப் போய் விசிலை எடுத்து ஒரே ஒரு முறை நீளமாக ஊதினார்.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று இறுகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. மெக்கானிக் அவருக்கு நன்றி சொன்னார், நர்சுகளுக்குச் சொன்னார், பேருந்தைத் திருப்பியவருக்குச் சொன்னார், இன்னும் வாசலில் காத்துக்கொண்டிருந்த பயணிகள் மூன்று பேருக்கும் சொன்னார். மாடிக்கு ஏறும்போது, வேறு கம்பெனி லிஃப்ட் என்றுகூடப் பாராமல், அதன் கதவைத் தட்டிக் கொடுத்தார். தங்கை கட்டிலில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை, அதற்குள் சிவப்பாக ஒரு முகம்.

"தூக்கிக்கோண்ணா. உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சவ."

"தூக்கத் தெரியாதே எனக்கு."

"தட்டை எப்படித் தூக்குவ? ஓரத்துல பிடிச்சு, கை ரேகை படாம. அப்படியே தூக்கு."

அவர் அப்படியே தூக்கினார். நெஞ்சோடு வைத்துக்கொண்டதும் துடிப்பு அவருடைய சட்டை வழியாகத் தெரிந்தது. சீராக, லேசான அவசரத்தோடு. மூன்று மாதத்துக்கும் மேலாகக் காதால் மட்டும் தெரிந்த ஒருத்தி இப்போது கையில் கனத்தாள். இரண்டு கிலோ எழுநூறு கிராம். அன்று சாயங்காலமே டைல்ஸ்காரர் சின்ன அறையை அளந்தார். மறுநாள் மஞ்சள் டைல்ஸ் பதிக்க ஆரம்பித்தார்.

பழைய டிரம்மர்கள் திரும்பி வரவில்லை. குழந்தை பிறந்த பிறகு நானூற்றுப் பதினொரு தட்டுகளிலும் டிரம் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. டிரம் இல்லாமலும் கேட்கலாம், சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள் என்றார் கடைக்காரர். மெக்கானிக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரை வாட்டியது வேறொன்று: அந்தப் புதன்கிழமைத் தட்டின் உறையில் பாஸ் வாசித்தவரின் பெயர் அச்சிடப்படவில்லை. கடைக்காரர் இரண்டு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே நன்றியை அவர் பொதுவாகச் செலுத்திவருகிறார். தெருவில் எங்கே யார் அந்தப் பெரிய வாத்தியத்தைச் சுமந்துகொண்டு வந்தாலும் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொள்வார். அவர் பராமரிக்கும் கட்டடமாக இருந்தால், வாத்தியம் உள்ளே போய் நிற்கும்வரை லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்டவர்களிடம், ஒரு உதவிக்குப் பதில் என்று மட்டும் சொல்வார்.

பிரசவமான பத்தொன்பதாம் நாள் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சோபாவில் கிடத்தினாள். அவர் கைக்கு வந்த ஒரு தட்டைப் போட்டார். பியானோ ஆரம்பித்தது, பாஸ் சேர்ந்தது, டிரம் சோபாவிலிருந்து வந்தது. தட்டில் வாசித்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கி, பிறகு எல்லோரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை கடைசிவரை கேட்டுவிட்டு, மறுபக்கம் போடச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. இதயம் வயதுக்கேற்ப நிதானப்பட்டிருப்பதால் பாட்டுகளும் நிதானப்பட்டிருக்கின்றன. காதல் பாட்டுகள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டன. ஒருமுறை காய்ச்சலோடு வந்தபோது சாக்ஸபோன்காரர் மறுபடி மூச்சு வாங்கினார், மற்றபடி புகார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் இசை திடீரென்று வேகமெடுத்தால், அவள் லிஃப்ட் வேண்டாம் என்று நாலு மாடியும் ஓடியே ஏறி வந்திருக்கிறாள் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் சரியாகிவிடும்.