கூடத்து டிவியில் டாக்டரம்மா

வெயிலுமுத்து அந்த ஆஸ்பத்திரியில் முதலில் உடைத்தது ஒரு சிரித்த முகத்தை.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. விடிந்ததும் விடியாததுமாகத் தம்பி இசக்கிமுருகனை அங்கே தூக்கி வந்திருந்தான். மக்காச்சோளக் களத்தில் காவலுக்குப் படுத்தவனைக் கட்டுவிரியன் தீண்டியிருந்தது. லோடு ஆட்டோ கழுகுமலையைத் தாண்டும்போது தம்பியின் இமைகள் தொங்கின. அப்புறம் நாக்குக் குழறியது. அப்புறம் அண்ணன் மடியில் சரிந்தவன் நனைந்த சாக்கு மாதிரிக் கிடந்தான். ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியவர்கள் அத்தனை பேரும் முகத்தை மூடியிருந்தார்கள்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே தம்பியின் வாயில் சொருகிய குழாய் தெரிந்தது. பச்சை அங்கியும் தொப்பியும் முகக்கவசமுமாக ஒரு பெண் கட்டிலை விட்டு நகராமல் நின்றாள். நர்ஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஒரு தடவை உள்ளே விட்டார்கள். தம்பியின் காலைக் கிள்ளிப் பார்த்தான். கால் அசையவில்லை, சதை மட்டும் சிவந்தது.

கூட வந்திருந்த தாய்மாமன் மாரிச்சாமி கட்டில் ஓரத்திலேயே நின்று சத்தமாகச் சொன்னார்: "செத்துட்டாம்லே. இவிய மறைக்காக."

"சும்மா இருங்க மாமா."

"அப்போ பெரிய டாக்டரு எங்கலே? ஒருத்தராவது வந்து மூஞ்சியக் காட்டினாகளா?"

பச்சை அங்கிக்காரி குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே வெளியே போகச் சொல்லிக் கை காட்டினாள். வெளியே வந்து உட்கார்ந்தபோது, அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த வரவேற்புப் பெண் வனிதா கூடத்து டிவியைப் போட்டாள். பெருமை அவளுக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் பாருங்க, நம்ம சுதாராணி டாக்டரு பேசுதாக! ஊரு ஊரா இருக்கிற டாக்டருங்க எல்லாம் கம்ப்யூட்டர்லயே கூடியிருக்காக. மருந்துக் கம்பெனிக்காரங்க அதுக்குள்ளேயே கடைகூடப் போட்டிருக்காக!"

திரையில் வரைந்து வைத்த ஒரு மாளிகை விரிந்தது. கண்ணாடிப் படிகள், இலை உதிராத மரங்கள், ஒரு தூசி இல்லாத கடைகள். கரிசலுக்கு மேலே யாரோ கண்ட கனவு போல இருந்தது. மாளிகை மறைந்து, நீலப் பட்டுச் சேலையில் சுதாராணி தோன்றினார். திரை மூலையில் சிவப்புப் புள்ளியும் 'நேரலை' என்ற எழுத்தும். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இப்பம் எங்க இருந்து பேசுதாக?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"மாடியில அவிய ரூம்ல இருந்துதான் அண்ணாச்சி."

அவன் காதில் ரத்தம் இரைந்தது. கீழே தம்பி பிணமாகக் கிடக்கிறான். மேலே பட்டுச் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சுவரோரம் கிடந்த இரும்பு குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி வீசினான். டாக்டரின் நெற்றியிலிருந்து கழுத்து வரை விரிசல் ஓடியது. திரை இருண்டது. ஆனாலும் குரல் நிற்கவில்லை. அதே நிதானத்தில் பேசிக்கொண்டே இருந்தது. அந்த நிதானம்தான் அவனை முழுக் கிறுக்கனாக்கியது.

"மாமா, பயலுகள வரச் சொல்லுங்க! ஒருத்தரும் உசுரோட போகக் கூடாது!"

ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு கதவை உதைத்துத் திறந்தான். குறுக்கே வந்த நர்ஸ் ஜெயப்பிரியாவைத் தள்ளியதில் அவள் தலை சுவரில் மோதியது. பச்சை அங்கிக்காரி கையை உயர்த்தித் தடுத்தாள். இரும்பு இறங்கியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிந்தது போலக் கேட்டது. அடுத்த வீச்சில் மூச்சுக் கருவி தரையில் விழுந்து அலறி, அடங்கியது.

வலியில் குனிந்தவளின் முகக்கவசம் நழுவியது.

டிவியில் இருந்த அதே முகம்.

வெளியே கூடத்தில் அவள் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. இங்கே அவள் உதடுகள் வலியில் ஒட்டிக் கிடந்தன.

"அது போன வாரமே எடுத்து அனுப்பின வீடியோ," என்றார் சுதாராணி, பல்லைக் கடித்துக்கொண்டு. "காலையிலருந்து நான் இங்கதான் நிக்கேன். உங்க தம்பி சாகல. இந்த விஷம் உடம்பைக் கட்டிப்போடும், காது கேக்கும். இப்ப மெஷினும் போச்சு. மூச்சு ஊதுற அந்த ரப்பர் பையை எடுங்க. சீக்கிரம்!"

ஒடியாத கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு பையைப் பொருத்தச் சொன்னார். அவன் அமுக்கினான். தம்பியின் நெஞ்சு எழுந்தது. விட்டான். தாழ்ந்தது.

"நிறுத்தினா செத்துருவான்."

மாமா போன் போட்டதும், பஜாரில் நின்ற ஊர்ப் பயல்களோடு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. முதல் கல்லில் ஜன்னல் சிதறியது. வனிதா அலறினாள். எங்கோ மருந்துப் பாட்டில்கள் வரிசையாக உடைந்தன. தான் கூப்பிட்டு வந்த கூட்டம் என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியும். பையை விட்டுவிட்டுப் போய்த் தடுக்க முடியாது.

மாரிச்சாமி வண்டியில் கிடந்த அரிவாளோடு உள்ளே வந்தார்.

"இவதானே? ஏலே, தள்ளுலே!"

"மாமா, வேண்டாம்! இசக்கி உசுரோட இருக்கான்!"

"பொணத்துக்கு ஊதுதியாலே, கிறுக்குப்பயலே!"

அரிவாள் டாக்டரின் கழுத்தை நோக்கி வந்தது. வெயிலுமுத்து பையை விடாமலே தோளைக் குறுக்கே கொடுத்தான். இரும்பு எலும்பில் மாட்டி நின்றது. சூடான ரத்தம் தம்பியின் நெஞ்சில் சொட்டியது. எழுந்து தாழும் நெஞ்சில் அது கோடாக வழிந்தது.

சுதாராணி கத்தினார்: "இசக்கிமுருகா! கேக்குதுல்லா? காலையில ஆட்டின மாதிரி விரலை ஆட்டு!"

இடது கால் பெருவிரல், எறும்பு கடித்தது போல, லேசாக அசைந்தது.

மாரிச்சாமி அரிவாளை விட்டுவிட்டுப் பின்னால் போய்ச் சுவரில் இடித்து நின்றார். பிறகு வாசலுக்கு ஓடி, "நிறுத்துங்கலே, பாவிகளா!" என்று கூட்டத்தை அடிக்கப் போனார்.

கூடத்தில் பேச்சு முடிந்து கைதட்டல் கேட்டது. யாரோ ஒருவர், "டாக்டர் சுதாராணி, மைக்கை ஆன் பண்ணுங்க, கேள்விகள் இருக்கு," என்று திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயப்பிரியா நெற்றியில் வழிந்ததைத் துடைத்தபடி எழுந்து வந்தாள். "இங்கன குடுங்க, நான் அமுக்குதேன்."

அவன் கொடுக்கவில்லை. தம்பிக்கு எல்லாமே கேட்டிருக்கும். பிணம் என்று மாமா சொன்னது, டாக்டரின் எலும்பு முறிந்தது, தன் மூச்சுக் கருவி அலறி அடங்கியது. அடித்தவன் குரல் யாருடையது என்பதும்.

"இசக்கி, நாந்தாம்லே," என்றான் குனிந்து. "அண்ணன்."

விரல் அசையவில்லை.

அவன் பையை அமுக்கினான். விட்டான். மறுபடியும் அமுக்கினான்.