செக்போஸ்ட் தாண்டாத எம்.ஏ.

ஷாஜிக்கு வாழைக்குலை வியாபாரம். களியக்காவிளைச் சந்தையில் குலை ஏற்றி நெய்யாற்றின்கரையில் இறக்குவான். தமிழ்நாடும் கேரளமும் அவனுக்கு ஒரே தோட்டத்தின் இரண்டு பாத்தி. எந்தச் சாமான் எந்தப் பக்கம் மலிவு என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வான். பெண்டாட்டிக்கு எம்.ஏ. தேடிப் போனபோதும் அந்தக் கணக்கைத்தான் போட்டான். அவனுக்கு வேறு எந்தக் கணக்கு தெரியும்?

பெண்டாட்டி ஜின்சி, கேரளப் பக்கத்துக் குன்னத்துகாலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். இங்கிலீஷ் பி.ஏ. பாறசாலையில் ஒரு டுட்டோரியலில், பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைத் தேற்றிவிடுவது அவள் வேலை. பிள்ளைகள் தேறிப் போய்விடும், டீச்சர் அங்கேயே நிற்பாள். சபைப் பள்ளிக்கூடத்துக்கு பிளஸ் டூ வரப்போகிறது, எம்.ஏ. உள்ளவர்களுக்கு நிரந்தர வேலை என்று பேச்சு கிளம்பியதும் அவளுக்கு உறக்கம் போயிற்று. கைக்குழந்தையை விட்டுவிட்டு தினமும் திருவனந்தபுரத்துக்குப் போய் காலேஜில் உட்கார வழியில்லை. தபாலில்தான் படிக்க வேண்டும்.

"நீ பேடிக்காத பிள்ளே, நான் விசாரிச்சிட்டு வாறேன்" என்றான் ஷாஜி.

விசாரிக்கவில்லை என்று யாரும் அவன்மேல் பழி சொல்ல முடியாது. டுட்டோரியல் பிரின்சிபாலைக் கேட்டான். சபைப் போதகரைக் கேட்டான். மார்த்தாண்டத்தில் புத்தகக் கடைக்காரனைக் கேட்டான். ஒரு பலகாரக் கடையின் மாடியில் ஒருவன், பரீட்சையே வேண்டாம், பணத்தைக் கட்டினால் பட்டம் வீட்டுக்கு வரும் என்றான். ஷாஜி படியிறங்கிவிட்டான். காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கிறவனை அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான். கடைசியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பிடித்தான். "கவர்மென்டு ஆக்கும். பரீட்சை உண்டு. மார்த்தாண்டத்திலேயே எழுதலாம். ஃபீசும் மலிவு, நம்ம கைக்கு ஒதுங்கும்" என்றான். எல்லோரும் கொள்ளாம், நல்லதுதான் என்றார்கள்.

ஜின்சி குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே படித்தாள். பரீட்சை நாட்களில் ஷாஜி குலை வண்டியிலேயே கூட்டிப்போய், வாசலில் வண்டியை நிறுத்திக் காத்துக்கிடந்தான். முதல் வகுப்பில் பாஸானாள். பள்ளிக்கூடத்துக்கு பிளஸ் டூவும் வந்தது. மேனேஜ்மென்ட் கூடி, நம்ம சபைப் பிள்ளைக்கே கொடுப்போம் என்று முடிவு செய்தது. கல்வி இலாகா மேலிடத்து அனுமதி ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் ஷாஜி அவசரப்பட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்தோத்திர காணிக்கை போட்டான். நல்லது நடந்தால் சபையில் காணிக்கை போடுவதும் போதகர் அதை வாசித்து ஜெபிப்பதும் வழக்கம். போதகர் வாசித்தார்: "சகோதரி ஜின்சிக்கு உத்தியோகம் கிடைத்ததற்காக." வெளியே வந்ததும் தங்கபாய் மாமி அவள் கன்னத்தைப் பிடித்து, "டீச்சரே, எனக்க பேத்திக்கு ஒரு சீட்டு பாத்துக்கிடணும் கேட்டியா" என்றாள். அன்றிலிருந்து சபையில் அவள் பெயர் டீச்சர்தான்.

மேலிடத்திலிருந்து பைல் திரும்பி வந்தது. வெளி மாநிலப் பட்டம், இதற்குச் சமம் என்று இங்குள்ள பல்கலைக்கழகம் ஈக்வலன்சி சர்ட்டிபிகேட் தர வேண்டும். ஜின்சி திருவனந்தபுரத்துக்கு ஓடினாள். அங்கே ஓமனா என்று ஒரு கிளார்க். நல்ல மனுஷி, நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னாள்: "அவிடெ காலேஜில் போயி படிச்சதெங்கில் எடுக்கும். தபாலில் படிச்சது இவிடெ எடுக்கில்லா சேச்சி."

"பரீட்சை எழுதினதாக்கும். கவர்மென்டாக்கும்."

"அறியாம்" என்று ஓமனா ஒப்புக்கொண்டாள். "பட்சே லிஸ்டில் இல்லா."

திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். லஞ்சம் கேட்டிருந்தால் கம்மலை விற்றாவது கொடுக்கலாம். அன்பாகச் சொல்கிறவளை என்ன செய்ய? ஜின்சி மறுபடியும் போனாள், மறுபடியும் போனாள். ஒவ்வொரு தடவையும் ஓமனா எழுந்து வந்து அதையேதான் சொன்னாள்.

அப்படியானால் அக்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம், வேலை தேடலாமே என்று குழித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தாள். "பட்டம் நல்ல பட்டம் மக்கா. ஆனா நீ கேரளாக்காரியாக்குமே" என்றார்கள். அக்கரையில் அவள் பட்டம் செல்லும், அவள் செல்லமாட்டாள். இக்கரையில் அவள் செல்வாள், பட்டம் செல்லாது. குலை ஏற்றின வண்டியைக் கையசைத்து விடுகிற அதே செக்போஸ்ட்தான்.

பள்ளிக்கூடம் காத்திருந்து பார்த்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டுமே. போதகரே வீட்டுக்கு வந்து, வேறொரு பெண்ணை எடுத்துவிட்டோம் என்று சொன்னார். சொல்லிவிட்டு ஜெபித்தார். கட்டன்சாயா ஆறிப்போய்க் கிடந்தது, அவர் தொடவில்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பது சும்மா வந்த சொல் இல்லை.

அவர் போன பிறகு ஜின்சிக்குப் புருஷன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி அவள் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணன் மலிவு பாத்ததாலதானே இப்படி ஆச்சு" என்று கேட்க வாயெடுத்தாள். ஷாஜி சுவரோரம் குந்தியிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"ஜின்சி, நான் ஆருகிட்ட கேட்டிருக்கணும்?"

குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டான். அவள் யோசித்தாள். பிரின்சிபால், போதகர், புத்தகக் கடைக்காரன். படித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. அவளே பி.ஏ. அவளும்தான் கொள்ளாம் என்றாள். அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. கோபத்தை எங்கே கொண்டு போடுவதென்றும் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் ஞாயிறு. குழந்தையை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வாசலில் தங்கபாய் மாமி பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா, இதுதான் டீச்சர், கும்பிடு போடு மக்களே" என்றாள் பேத்தியிடம்.

பிள்ளை கும்பிட்டது. ஜின்சியும் கும்பிட்டாள்.