கருப்பண்ணார் தோப்புக்கு மேலே

1

"ஏனுங்க மாமா, ஏறும்போதே என்ஜின் நின்னுபோச்சுன்னா ஏரோப்பிளேன் அங்கயே நிக்குங்களா?"

ஆறு வயதில் என் மகள் சௌந்திரம், மருந்தடிக்க வந்த விமானத்தின் பைலட் பாலசுந்தரத்திடம் கேட்டது. இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில். 1978, ஆடி மாதம். நாமக்கல் பக்கம் எங்கள் கடலைக்காடெல்லாம் கம்பளிப்புழு. தரிசு ஒன்றைச் சமன்செய்து ஓடுபாதையாக்கியிருந்தார்கள்.

"நிக்காது கண்ணு. உடனே மூக்கைக் கீழே இறக்கணும். வேகம் போயிட்டா இறக்கை தாங்காது. செங்குத்தா ஏறுறப்போ நின்னா அதுக்குக்கூட நேரமிருக்காது. அதான் நான் பொறுமையா ஏறுவேன்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலசுந்தரம் வேடிக்கை காட்டுவதில் பிரியமுள்ளவர்.' பொய். அடித்துவிட்டேன்.

பிறகு: 'அன்று பலத்த காற்று...' காற்றே இல்லை.

பிறகு: 'கோயில் தர்மகர்த்தா ஒருவர் அவரிடம்...'

(அந்த ஒருவர் நான்தான், மணியன். வேறொருவராக எழுதினால் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.)

3

ஓடுபாதை முடியும் இடத்தில் கருப்பண்ணார் கோயில் தோப்பு. அன்று அங்கே பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாலசுந்தரத்திடம் போய்ச் சொன்னேன்:

"தோப்புக்கு மேல தாழப் போகாதீங்க. மருந்து நாத்தம் பட்டா சாமிக்குப் படைக்க முடியாதுங்க."

"உங்க சாமிக்கு மூக்கு அவ்வளவு கூர்மையா?"

"சாமி பொறுத்துக்குமுங்க. எங்க ஊட்டுக்காரி பொறுக்க மாட்டா."

சிரித்தார். "சரி மணியன். எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க."

எனக்காக, நிறைந்த மருந்துத் தொட்டியோடு செங்குத்தாக ஏறினார். இரண்டு பனைமர உயரத்தில் என்ஜின் சத்தம் நின்றது. மூக்கை இறக்கினால் நேர் எதிரே அடுப்புகள், பெண்கள். ஒதுங்கத் திரும்பினார் [இது என் ஊகம், ஆனால் நம்புகிறேன்]. ஒரு இறக்கை சரிந்தது. அப்புறம் கடலைக்காட்டில்...

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. அவர் பிழைக்கவில்லை.

4

வேறு முடிவு: அவர் இறங்கி வந்து இலை முன்னால் உட்காருகிறார். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவருக்கு நல்ல பசி.

நடந்தது இது. விசாரிக்க வந்தவர்களிடம் யாரோ, "வேடிக்கை காட்டப் போயி உழுந்துட்டாருங்க" என்றார்கள். கோயில் பெயர் கெடக்கூடாதென்று நானும் தலையாட்டினேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர் மனைவிக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது.

5

சின்ன உபகாரம் எதுவும் வீணாகாது என்று நம்புகிறவன் நான். அவர் எனக்குச் செய்தது சின்ன உபகாரம்தான். எட்டு வருடமாக அந்த நம்பிக்கையோடு சாமி முன்னால் நிற்கவே கூசுகிறது.

நேற்று இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் மனைவிக்கு எழுதினேன். 'அம்மா, அவர் வேடிக்கை காட்டவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் ஏறினார். அதை மறைத்ததும் நான்தான்.' பெயரும் ஊரும் எழுதினேன். விசாரித்த அலுவலகத்துக்கும் ஒரு பிரதி.

அந்த அம்மா பிரித்துப் படிப்பாரா, கிழித்தெறிவாரா? அந்த முடிவை எழுத எனக்கு உரிமையில்லை. நீங்கள் வேண்டுமானால் நினைத்துப் பாருங்கள்.

உச்சி வெயிலில் தபால்பெட்டியடியில் ஒரு ஆள் இல்லை. உள்ளே கடிதம் விழுந்த சத்தத்தை நான் மட்டும் கேட்டேன்.