நத்தைக்குப் பரவாயில்லை

பின்னங்களைப் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பாதி என்றால் என்ன என்று சொல்லித்தருகிற பாடத்தைப் பாதியில் விட்டுப் போவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதைத்தான் நிறையப் பள்ளிக்கூடங்கள் வாங்கியிருந்தன. எழுதியவள் அவள். ஆகவே பழியும் அவள் தலையில்தான் விழுந்தது.

அவள் எழுதும் தாளில் நான்கு கட்டங்கள் உண்டு. திரையில் என்ன தெரியும், குரல் என்ன சொல்லும், பிள்ளை எதை அழுத்தும் என்பவை முதல் மூன்று. நான்காவது கட்டத்தின் தலைப்பு 'உணர்ச்சி'. மேலாளர் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு சேர்த்தது அது. மனதைத் தொடாத பாடம் மண்டையில் ஏறாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் ஒவ்வொரு திரைக்கும் "இங்க நெகிழ்ச்சி எங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்கு 'நெகிழ்ச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. நெகிழ்ச்சி வந்தாச்சா, நெகிழ்ச்சி இன்னிக்கு லீவா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வார்கள். தசமப் புள்ளிக்கு என்ன உணர்ச்சி இருக்க முடியும் என்று அவள் ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'பெருமிதம்' என்று எழுதினாள். நெகிழ்ச்சிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இப்படிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வியப்பு, ஆவல், குதூகலம் என்று அள்ளி அள்ளி எழுதுகிறவளுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கைப்பிடிகூட மிச்சமிருக்காது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவாள். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். கீழ்வீட்டில் அவருடைய தங்கை இருந்ததால் பிழைப்பு ஓடியது. பள்ளிவிட்டு வரும் மகள் அத்தை வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

மகளை வீட்டில் எல்லாரும் வாண்டு என்று கூப்பிட்டார்கள். நாலாம் வகுப்பு. அந்தப் பெயரை வைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும், ஏனென்றால் பெயருக்குக்கூட ஒரு சேட்டை செய்யாத பெண். சொன்னால் கேட்கும், கொடுத்ததைச் சாப்பிடும், அழாது. இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அத்தை வாய் ஓயாமல் சொல்வாள். அவளும் அதைக் கேட்டுக்கொண்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டாள். நம்புவது வசதியாக இருந்தது.

பின்னப் பாடத்தின் நாயகன் ஒரு நத்தை. ஒரு சுவரில் கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் அரைச் சுவரில் அதை அம்போவென்று விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திப் பாடத்தை மூடிவிடுவார்கள். அந்தக் குறியை அழுத்தும்போது நத்தை ஏதாவது சொன்னால் என்ன என்று யோசனை சொன்னவளும் அவள்தான். முதலில் நத்தையை அழ வைத்தார்கள். பிள்ளைகளும் சேர்ந்து அழுகிறார்கள் என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு "போகாதே, போகாதே" என்று கெஞ்ச வைத்தார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே பையன்கள் திரும்பத் திரும்ப மூடினார்கள். வியாழக்கிழமை குரல்பதிவுக்குள் வேறு வசனம் வேண்டும் என்று நெகிழ்ச்சி சொல்லிவிட்டார்.

அந்த வியாழக்கிழமையில்தான் சிக்கலே. வாண்டின் வகுப்பில் அன்று பிள்ளைகள் தாங்கள் செய்து வந்ததை எல்லார் முன்னாலும் காட்டிப் பேச வேண்டும். பெற்றோரும் வரலாம். வாண்டு பாட்டிலில் மணலும் கரியும் போட்டு நீர் வடிகட்டி ஒன்று செய்து வைத்திருந்தாள். லீவு போட்டு வருகிறேன் என்று அவள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். குரல் கொடுக்கும் அம்மாள் வியாழக்கிழமையை விட்டால் கிடைக்க மாட்டார் என்று ஆனதும், முந்தின நாள் சாயங்காலம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே விட்டாள். காலையில் வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

வாண்டு கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"பரவாயில்லம்மா. நீ போ. நான் இங்கயே இருக்கேன்."

மற்ற நாட்களிலும் அவள் சொல்வதுதான் அது. சாயங்காலம் நீ வரும்போது நான் அத்தை வீட்டில் இருப்பேன் என்று அர்த்தம். அன்றைக்கு மட்டும் அந்த 'பரவாயில்ல' கொஞ்சம் நீண்டது. சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தாள்.

பேருந்தில் இடம் கிடைத்தும் அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எத்தனையோ வருஷம் இந்த வேலையில் ஊறிய புத்தி மகள் சொன்ன அந்த வசனத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இறங்கும் இடம் வருவதற்குள் நத்தைக்கு வசனம் கிடைத்துவிட்டது. பாழாய்ப்போன புத்தி, அதற்கு நேரம் காலம் தெரிவதில்லை.

குரல் கொடுப்பவர் வயதில் மூத்தவர். வெந்நீர்க் குடுவையும் கையுமாகத்தான் எங்கும் போவார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தாளைப் படித்துவிட்டு, இதை வருத்தமாகச் சொல்லணுமா, சந்தோஷமாகச் சொல்லணுமா என்று கேட்டார்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கக்கா," என்றாள் அவள். "'பரவாயில்ல'ங்கறது கொஞ்சம் இழுக்கட்டும். 'நீ போ'ன்னு சொல்றப்ப முகத்தப் பாக்காதீங்க. கீழ பாருங்க. செருப்பப் பாக்கற மாதிரி."

கண்ணாடி வழியாக அந்த அம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தார்.

"யாரும்மா அது?"

"யாருமில்லக்கா. நத்தைதான்."

ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். நெகிழ்ச்சி நெகிழ்ந்தே போனார். உணர்ச்சிக் கட்டத்தில் அவள் 'வருத்தம், ஆனால் காட்டிக்கொள்ளாமல்' என்று எழுதினாள். சாயங்காலம் அத்தை, பள்ளியில் எடுத்த படத்தைக் காட்டினாள். வடிகட்டி தெளிவாக விழுந்திருந்தது, வாண்டின் முகம்தான் கலங்கலாக இருந்தது. நல்லா பேசினியா என்று கேட்டதற்கு வாண்டு தலையாட்டினாள். அதற்குமேல் கேட்க அவளுக்கும் தெம்பில்லை.

நத்தையின் வசனம் பலித்தது. பெருக்கல் குறியை அழுத்தப் போன பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள். அழுகை இல்லை, புகார் இல்லை, நத்தை சுவர் ஏறி முடிக்கும்வரை கூடவே இருந்தார்கள். மற்றப் பாடங்களுக்கும் இப்படி ஒன்று யோசி என்று நெகிழ்ச்சி அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அவளுக்கு அதில் சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது.

பின்னங்கள் வாண்டின் வகுப்புக்கும் வந்தன. அத்தைதான் முதலில் சொன்னாள். "அண்ணி, உங்க பொண்ணுக்குக் கணக்குல பைத்தியம் பிடிச்சிருக்கு. பாடம் முடிஞ்சும் அதை மூடாமயே உக்காந்திருக்கா." அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் நத்தை சுவரின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, இது நீ எழுதினதா?"

ஆமாம் என்றாள்.

வாண்டு பெருக்கல் குறியை அழுத்தினாள். பரவாயில்ல, நீ போ, நான் இங்கயே இருக்கேன் என்றது நத்தை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. படம் வரைகிறவர் அதைச் சிரத்தையாகச் செய்திருந்தார்.

"இதுக்கு நிஜமாவே பரவாயில்லயா?"

அவள் களைத்திருந்தாள். நாள் முழுக்க இதையேதான் பேசிவிட்டு வந்திருந்தாள். அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னாளோ அதே பதில் வாயில் தயாராக இருந்தது, அப்படியே வந்துவிட்டது. "இல்ல கண்ணு. அது சும்மா சொல்லுது. உள்ள ரொம்ப வருத்தம். ஆனா சிரிச்சுக்கிட்டே சொல்லுது பாத்தியா, அதனாலதான் யாருக்கும் விட்டுட்டுப் போக மனசு வராது."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாண்டு நத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கோணவில்லை, கண் கலங்கவில்லை. கஷ்டமான கணக்கு ஒன்றைப் போடுகிற மாதிரி இருந்தது.

"அப்ப, நான் சொல்றப்பவும் உனக்குத் தெரியுமா?"

என்ன தெரியுமா என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். கேட்கவும் வாயைத் திறந்தாள். ஆனால் மகள் இப்போது செருப்பைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான் சிரிச்சேன்," என்றாள் வாண்டு. "கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அடுக்களையில் அத்தை குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாண்டு விலகவில்லை, ஒட்டவும் இல்லை. பிள்ளையின் வருத்தம் தெரியாமல் போயிருந்தால் அது கவனக்குறைவு, மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டு, அதை இழுவை முதற்கொண்டு அளந்து, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து, ஊர்ப் பிள்ளைகள் கையையெல்லாம் அதைக் கொண்டு பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. மன்னிப்பு கேட்டாள். வாண்டு பழக்கத்தில் வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டாள்.

மறுநாள் வாண்டு எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்ட அவள் நெகிழ்ச்சியிடம் போய், நத்தையின் வசனத்தை மாற்ற வேண்டும் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாக ஓடுகிறதை யாராவது நிறுத்துவார்களா, புது வசனம் என்ன என்று கேட்டார். "எனக்குத் தூக்கம் வருது, நான் ஓட்டுக்குள்ள போறேன், நாளைக்குப் பாக்கலாம்" என்று படித்துக் காட்டினாள். இதற்கு எவன் நெகிழ்வான் என்றார் அவர்.

"யாரும் நெகிழ வேண்டாம் சார். பாடம் பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலன்னா போகட்டும். பிள்ளைங்க போறப்ப அவங்க மனசுல எதையும் ஏத்தி அனுப்ப வேண்டாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் முதுகுவலி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தபடி, மாற்றிப் பார், பிள்ளைகள் பழையபடி பாதியில் போனால் பழைய வசனத்தையே திரும்பப் போட்டுவிடுவேன் என்றார். அவ்வளவுதான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

குரல் அம்மாள் வேறு ஏதோ பாடத்துக்கு வந்திருந்தார். புது வசனத்தைப் பார்த்ததும் வெந்நீர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நத்தைக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. உணர்ச்சிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் அதைக் காலியாக விட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வாண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வரேன் என்றாள் அவள். பதில் இல்லை. படியிறங்கக் காலை எடுத்தவளுக்குக் கால் வரவில்லை. 'பரவாயில்ல' என்ற அந்த ஒரு சொல்லைத் தினமும் வாங்கிக்கொண்டுதான் தான் படியிறங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இன்றைக்கும் கை நீட்டிக்கொண்டு அதற்காகத்தான் நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. அப்படியும் நின்றாள்.

வாண்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"எனக்குப் பிடிக்கல," என்றாள். "தினமும் பிடிக்கல."

பையைக் கீழே போட்டுவிட்டு அவள் செருப்போடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். வாண்டு மடியில் விழுந்து, அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி முதல்முறையாக, கீழ்வீட்டு அத்தை பதறிப்போய் மேலே ஓடிவரும்படி ஓவென்று அழுதாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தெருமுனையில் பேருந்து வந்து நின்று, புறப்பட்டுப் போவது கேட்டது.