மிஸ்பாஹ் நிறுத்திய வரி

ஃபவ்வாஸ் ஹன்கீர், தாம் எழுதிய எதனையும் தவ்ஃபீக்கின் முடிதிருத்தும் கடையில் உரக்கப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியவரல்லர். வியாழக்கிழமை மாலைகளில் சுவரோர நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார். அங்கிருப்பவருள் எவரேனும், முகம் முழுதும் சோப்பு நுரையோடு சாய்ந்திருப்பவரேயாயினும், "அப்படி இல்லையே" என்று சொன்னால் போதும்; அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். விசாரித்துத் தெளிந்த பின்னரே அடுத்த வரி. லெபனானின் சைதா நகரத்து ரொட்டி அடுப்புகளின் வரலாறும், துறைமுகச் சுமைகாரர்களின் வரலாறும் அவ்வாறு உருவானவையே. பல்கலைக்கழகத்தார் அவற்றைச் 'சவரக்கடைச் சரித்திரம்' என்று எள்ளினர். ஆயினும் அவர்களுடைய நூல்கள் நூலகங்களில் உறங்கிக் கிடக்க, இவருடையவை டாக்சிகளின் முகப்பிலும் காய்கறி வண்டிகளிலும் ஈரக் கைகளால் புரட்டப்பட்டுக் கிழிந்துகொண்டிருந்தன.

அந்த ஃபவ்வாஸின் உடலைத்தான் இப்போது சந்தூக்கு என்னும் பிணப்பெட்டியில் வைத்துப் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றார்கள். அவருடைய மகள் ரபாப், மாடிச் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தினுள் தோளில் சுமந்து நடக்க இடமில்லை. சந்தூக்கு கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலே மிதந்து சென்றது. அடுப்புக்காரர்கள் மாவு படிந்த கைகளைக் கழுவாமலே வந்திருந்தனர். எதிர் மாடிகளிலிருந்து பெண்கள் அரிசியும் பன்னீரும் தூவினர். மணமகன் ஊர்வலத்துக்கு எழுப்பும் குலவை ஒன்று எங்கிருந்தோ புறப்பட, அதனை அடுத்த மாடி வாங்கிக்கொண்டது. சவரக்கடைச் சரித்திரம் என்னும் பெயரைச் சூட்டிய பேராசிரியரே முண்டியடித்துக் கை கொடுத்தார். அவர் பிடித்துச் சற்று நேரம்கூட ஆகவில்லை. மீன்கூடை சுமப்பவன் ஒருவன் அவர் தோளைத் தட்டினான்.

"புரொபஸர் சார், போதும். மத்தவங்களுக்கும் கொஞ்சம் விடுங்க."

பேராசிரியர் கையை எடுத்து வழிவிட்டார்.

சந்தூக்கு திருப்பத்தில் மறைந்த பிறகே, தூவுவதற்காக எடுத்த அரிசி தன் உள்ளங்கையிலேயே இருப்பதை ரபாப் கண்டாள்.

சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பெய்ரூட்டிலிருந்து பதிப்பாளர் நசீப்.

"ரபாப், அல்லா உனக்குப் பொறுமையத் தரட்டும். இப்பக் கேக்கறது தப்புதான். ஆனா கடைசி அத்தியாயம் இன்னிக்கே வந்தாகணும். இல்லாட்டிப் புத்தகம் கண்காட்சிக்கு வராது."

"வாப்பா அத இன்னும் கடையில படிக்கலையே."

"எழுதினது அவரு. படிச்சாரா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

சாயங்காலம் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டாள். முப்பது ஆண்டுகளாகத் தந்தையின் கையெழுத்தைத் தட்டச்சு செய்தவள் அவளே. எனினும் அவர் படித்து ஒருமுறையும் அவள் கேட்டதில்லை. அந்தக் கடைக்குள் பெண்கள் சென்றதில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்து முற்றத்தில் அமர்ந்தனர். ரபாப் சர்க்கரை இல்லாத காப்பியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். மீனவர் மிஸ்பாஹ் அடுக்களை வாயிலுக்கே வந்து கையை நீட்டினார். அவரை ஊரே 'மர்ஹூம்', அதாவது காலஞ்சென்றவர், என்றுதான் அழைக்கும். போர்க்காலத்தில் செய்தியாளராயிருந்த ஃபவ்வாஸ், மாவு ஏற்றிவந்த படகு குண்டுபட்டு மூழ்கியதென்றும், அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனரென்றும் அன்றே எழுதி, அச்சேற்றியும்விட்டார். நீந்திப் பிழைத்த மிஸ்பாஹ், தம் துக்கத்தின் மூன்றாம் நாள் வீட்டுக்குள் நுழைந்து, தமக்காகக் காய்ச்சிய காப்பியைத் தாமே குடித்தார். முன்வரிசையில் இருந்த ஃபவ்வாஸ் எழுந்து, எல்லாருக்கும் முன்பாக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றன்றைக்குச் செய்தி எழுதும் வேலையை அன்றோடு விட்டார்.

மிஸ்பாஹ் ஒரு மிடறு குடித்தார்.

"என் துக்கத்துக் காப்பியவிட இது நல்லாருக்கும்மா. அதுல ஏலக்கா தூக்கல். எம்பொண்டாட்டிக்கு அன்னிக்கே மனசு லேசாத்தான் இருந்திருக்கு."

ரபாப் காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

"மாமா, கடைசி அத்தியாயம் உங்க படகப் பத்தித்தான்."

"அப்படியா? என்கிட்டகூடச் சொல்லலையே மனுசன். படி, கேப்போம்."

அவள் தாள்களைக் கொண்டுவந்து, அடுக்களை நிலையில் சாய்ந்தபடி தாழ்ந்த குரலில் படிக்கத் தொடங்கினாள்.

"'அன்று காலை கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மாவு மூட்டைகளோடு...'"

"அப்படி இல்லையே" என்றார் மிஸ்பாஹ்.

முற்றத்துப் பேச்சு சட்டென்று நின்றது.

"கடல் எண்ணெ மாதிரி கெடந்துச்சு. கொந்தளிச்சிருந்தா நான் நீந்தி வந்திருப்பேனா? மாவோட மாவாக் கரைஞ்சிருப்பேன்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. முடிதிருத்தும் தவ்ஃபீக்கின் குரல் கேட்டது.

"இல்லப்பா, நல்ல காத்து. எங்கடைப் பலகையே கழண்டு விழுந்துச்சு."

"அது மறுநாளு."

"மறுநாளா? மறுநாள் நீதான் செத்துப்போயிருந்தியே, உனக்கெப்படித் தெரியும்?"

முற்றம் வெடித்துச் சிரித்தது. குர்ஆன் ஓதுவதற்கு வந்திருந்த பெரியவர் தாடிக்குள் சிரிப்பை மறைக்க முயன்று தோற்றார். உள்ளறைப் பெண்கள் கதவருகே வந்து நின்றனர். அடுப்புக்காரர் ஒருவர் காற்றென்றார். இரு மீனவர்கள் இல்லையென்றனர். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எந்த மாசம் அது?" என்று பணிவோடு கேட்டார். பதில் சொல்லப் பலர் ஒரே சமயத்தில் வாய் திறந்தனர்.

ரபாப் அந்த வரியின்கீழ்ப் பென்சிலால் கோடிட்டாள்.

"மிச்சத்தையும் படி, தாயி" என்றார் மிஸ்பாஹ்.

"இங்க வேண்டாம், மாமா."

அவள் தவ்ஃபீக்கைப் பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்தார், மிஸ்பாஹைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுவத்தோரத்து நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. நாளைக்குச் சரிபண்ணி வைக்கிறேன்."

தொலைபேசி மறுபடியும் ஒலித்தது. ரபாப் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இப்ப அனுப்ப முடியாது, நசீப். முதல் பக்கத்துலயே நின்னுபோச்சு."

"அப்போ கண்காட்சி?"

"போகட்டும். வியாழக்கிழம சாயங்காலம் தவ்ஃபீக் மாமா கடையில நான் படிக்கிறேன்."