அளவு சரி

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்று பிறந்த மகளுக்குப் பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் கசிகிறது என்று அத்தான் அவளை எங்கள் லேபுக்குக் கூட்டி வந்தார்.

ரத்தம் உறைய உதவும் புரதத்தின் அளவைப் பார்த்தேன். குறையே இல்லை. அளவாம், மண்ணாங்கட்டி! மனசு கேட்காமல் அதன் நீளத்தையும் பார்த்தேன். ஒரே மாதிரித் துண்டுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் புரதம் அது. நீளச் சங்கிலிதான் காயத்தில் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். இவளுக்கு எல்லாமே குட்டைச் சங்கிலி. துண்டுக் கயிறு கட்டுக்கட்டாகக் கிடந்தால் மட்டும் கிணற்றில் வாளி எட்டுமா?

"அவ அம்மாவுக்கும் இதுதானா?" என்றார் அத்தான்.

"இதேதான் இருந்திருக்கும்."

குழந்தையின் வாயிலிருந்த பஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவளுக்கும் நீதானே டெஸ்ட் பார்த்தே." குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "'என் தம்பியே பார்த்துட்டான், அளவு சரியா இருக்காம்'னு சிரிச்சுக்கிட்டேதான் பிரசவ அறைக்குள்ள போனா."