மூன்று மாதம் யாரும் திறக்காதவை

நைட் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்குள் நுழையும்போதே மணிவேலுக்குக் கண் இரண்டும் எரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஜன்னலில் பக்கத்து வீட்டு முனிராஜின் முகம்.

"மணியண்ணா, நேத்து சொன்ன கன்னடப் படம் ஆய்தா?"

"எறங்கிட்டு இருக்குதுப்பா. தூங்கி எந்திரிச்சித் தரன்."

எல்லாம் டிவிக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியால் வந்த வினை. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு நெட்டிலிருந்து டோரன்டில் படம் இறக்கிக்கொண்டே இருக்கும். ஆசைப்பட்டு வாங்கினான், இப்போது காம்பவுண்டுக்கே தியேட்டர் அதுதான். ஒருத்தருக்குக் கன்னடம், ஒருத்தருக்குத் தெலுங்கு, மாதேஸ்வரி அக்காவுக்குச் சாமி படம். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தால் மனுஷன் ஏன் இப்படி லோல்படுகிறான்!

மகள் ஸ்வாதியின் வீடியோக்களையும் அதே பெட்டியில்தான் போட்டு வைத்தாள் அவன் பெண்டாட்டி காவேரி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கம்பெனிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் இவன் வந்து படுப்பான். அதனால் ஸ்வாதி குப்புற விழுந்தது, எழுந்து நின்றது, முதன்முதலாக "அப்பா" என்றது எல்லாவற்றையும் போனில் பிடித்துப் பெட்டிக்கு ஏற்றுவாள். போனில் இடம் வேண்டுமே, அங்கே அழித்துவிடுவாள்.

"பொட்டில போட்டுட்டன் மாமா, பாரு."

"ஞாயித்துக்கெழம பாக்கறன்."

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வரும். வராவிட்டால் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வரும்.

அன்று காவேரிக்கு லீவு. ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "பொறந்த நாளுக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்னு பாத்தன் மாமா. பாப்பா வீடியோவக் காணமே. மூணு மாசமா வேலைல எடுக்கவே முடியல, போன மாசம் எடுத்தது ஒண்ணுதான் கெடக்குது."

"அங்கதான் இருக்கும், இப்படிக் குடு."

இல்லை. மணிவேலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. படமாக இறக்கி இறக்கிப் பெட்டி நிரம்பியபோது அவனே ஒரு கட்டளை போட்டு வைத்திருந்தான்: மூன்று மாதம் யாரும் திறந்து பார்க்காததை அழித்துவிடு. சினிமாவுக்கு மட்டும் என்று போட்டிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பெட்டி முழுவதற்கும் போட்டுத் தொலைத்தான். இடத்தை அடைக்கிறதென்று, அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் நிறுத்தியிருந்தான், மகாராசன். அழிந்த இடத்தில் புதுப்படங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. இனி எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

"போச்சு காவேரி," என்றான். "யாரும் தொறக்காததத்தான் அது அழிக்கும். நான்தான் அப்படி வெச்சன்."

காவேரி கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"அப்ப நீ ஒண்ணுகூடத் தொறந்து பாக்கல," என்றாள்.

மிச்சமிருந்த அந்த ஒரே வீடியோவை ஓட்டினான். ஸ்வாதி கொலுசுக் காலோடு தத்தக்கா பித்தக்கா என்று நடந்து வந்தாள். "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். போனைப் பிடித்திருந்த காவேரியின் குரல் கிசுகிசுத்தது:

"மெல்ல, கண்ணு. அப்பா தூங்கறாரு."

படம் மெதுவாகத் திரும்பியது. சுவரோரம் பாயில், முதுகைக் காட்டிக்கொண்டு அவன் படுத்திருந்தான்.